மேசைக்குத் துணி தேவையா?

சாப்பாட்டு மேசையின் மேல் துணி விரிப்பதா, வெறும் பலகையாகவே விடுவதா? நம்மூர் வீடுகளில் இது மாமியார் மருமகள் விவகாரமாகவும் ஆகிவிடுகிறது. விரித்தால் அழகு என்பது ஒரு கட்சி. விரித்தால் கறை, அதைத் துவைப்பது யார் என்பது இன்னொரு கட்சி. குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விஷயத்துக்கும் குறிப்பு எழுதுவதற்கு முன்னால் பழைய கோப்பை வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும். மேசைத் துணியின் பழைய கோப்பைப் புரட்டினால், இரண்டு கட்சிக்காரர்களும் எதிர்பார்க்காத சில விஷயங்கள் அதில் இருக்கின்றன.

முதலில் மேசையே நமக்கு வெளியிலிருந்து வந்தது. ‘மேசா’ என்பது போர்த்துக்கீசியச் சொல். சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் வந்த அதே கப்பலில் வந்தது. ‘துவாலை’ என்கிறோமே, அதுவும் அவர்களுடைய ‘துவால்யா’தான். போர்த்துக்கீசியரிடம் அந்தச் சொல் உடம்பு துடைக்கும் துணிக்கும் பொது, மேசை மேல் விரிக்கும் துணிக்கும் பொது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேசைத் துணியின் சரித்திரமே துடைப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

பிரெஞ்சில் மேசைத் துணிக்கு ‘நாப்’ என்று பெயர். லத்தீனில் ‘மாப்பா’ என்றிருந்தது திரிந்து அப்படி ஆயிற்று. ரோமாபுரியில் மாப்பா என்றால் விருந்தில் கை வாய் துடைக்கும் துணி. தேர்ப் பந்தயம் தொடங்குவதற்கு அதிகாரி கையிலிருந்து கீழே போடுவாரே, அந்தத் துணிக்கும் அதே பெயர்தான். பின்னாளில் துணியில் எழுதிய உலகப் படத்தையும் மாப்பா என்றார்கள். ஆங்கிலத்தின் ‘மேப்’ அதிலிருந்து வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படமும் சாப்பாட்டு மேசைத் துணியும் ஒரு தாய் பிள்ளைகள்.

மத்தியகால ஐரோப்பாவில் சாப்பாட்டுக்கென்று தனி அறை கிடையாது. பெரிய பிரபு வீடாக இருந்தாலும், வேளை வந்ததும் முக்காலி மாதிரி மரத் தாங்கிகளைக் கொண்டுவந்து வைத்து, மேலே பலகைகளைப் போடுவார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்திவிடுவார்கள். பிரெஞ்சில் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைப்பதை இன்றைக்கும் ‘மெத்ர் லா தாப்ல்’, அதாவது ‘மேசையைப் போடுவது’ என்றே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நிஜமாகவே மேசையைத்தான் போட்டார்கள். சொரசொரப்பான அந்தப் பலகைகளையும் அவற்றின் இடுக்குகளையும் மறைக்கத்தான் துணி.

அந்தத் துணியை அவர்கள் எப்படி நடத்தினார்கள் தெரியுமா? முள்கரண்டி அப்போது புழக்கத்தில் இல்லை. ராஜாவும் கையால்தான் சாப்பிட்டார். எண்ணெய்க் கையை மேசையின் விளிம்பில் தொங்கிய துணியில் துடைத்துக்கொண்டார். அதற்கென்றே மேசை ஓரத்தில் நீளமாக இன்னொரு துணியைத் தொங்கவிடுவதும் உண்டு. 1530-ல் ஈரஸ்மஸ் என்ற டச்சுப் பேரறிஞர் பிள்ளைகளுக்காக ஒரு நன்னடத்தை நூல் எழுதினார். விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே, மேசைத் துணியிலோ கைத்துணியிலோ துடை என்று அதில் புத்தி சொல்கிறார். கை துடைக்கும் இடமாக மேசைத் துணியைக் காட்டுவதுதான் அன்றைய நாகரிகம்!

தட்டும் ஆளுக்கொன்று கிடையாது. நாள்பட்ட ரொட்டியைத் தடியாக வெட்டி ஆளுக்கொரு துண்டு முன்னால் வைப்பார்கள். இறைச்சியும் குழம்பும் அதன் மேல் விழும். பந்தி முடிந்ததும் குழம்பில் ஊறிய ரொட்டி ஏழைகளுக்கோ நாய்களுக்கோ போகும். நம்முடைய வாழை இலை செய்கிற வேலையை அங்கே ரொட்டி செய்தது.

இந்தத் துணிக்கு ஒரு மானப் பிரச்னையும் இருந்தது. ஒரே துணி விரித்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரே அந்தஸ்து உள்ளவர்கள் என்று கணக்கு. மானம் இழந்த வீரன் ஒருவன் பந்தியில் உட்கார்ந்திருந்தால், அவனுக்கு முன்னால் இருக்கும் துணியைக் கத்தியால் கிழித்துப் பிரிப்பார்கள். ‘உனக்கும் எங்களுக்கும் ஒரே துணி இல்லை’ என்று அர்த்தம். பந்தியில் யாரோடு யார் உட்காருவது என்ற சண்டை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

பிறகு நிலைமை மாறியது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் முள்கரண்டி மெல்ல மெல்லப் பரவியது. மடியில் போட்டுக்கொள்ளும் ‘சேர்வியேத்’ ஆளுக்கொன்று வந்தது. துடைக்கிற வேலை அதற்குப் போய்விட்டதால், மேசைத் துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை போனவுடன் அதற்குப் பெருமை வந்துவிட்டது! அழுக்கைத் தாங்குவதற்காக வந்த துணி, அழுக்குப்படக் கூடாத துணியாக மாறியது.

அந்தப் பெருமைக்கு அடையாளம் வெள்ளை நிறம். ஆளிவிதைச் செடியின் நாரிலிருந்து நெய்த லினன் துணி இயற்கையில் பழுப்பாக இருக்கும். அதை வெளுப்பது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ஹாலந்தில் ஹார்லம் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. சாம்பல் காரத்தில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து வெயில் காட்டி, புளித்த மோரில் நனைத்து, மறுபடி அலசி, மறுபடி விரிப்பார்கள். நம் வண்ணார்கள் உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்துச் செய்த வித்தைக்கு அது உடன்பிறப்பு. ஆகவே மேசையில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் துணி இருந்தால், ‘இந்த வீட்டில் துவைப்பதற்கு ஆள் இருக்கிறது’ என்று பொருள்.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது ‘த்ரூசோ’ என்று ஒரு பெட்டி நிறையத் துணி கொடுப்பார்கள். விரிப்புகள், மேசைத் துணிகள், கைத்துணிகள் எல்லாம் டஜன் கணக்கில். ஒவ்வொன்றின் மூலையிலும் பெண்ணின் பெயரெழுத்துகளைச் சிவப்பு நூலால் தைத்திருப்பார்கள். ஏன் இத்தனை டஜன்? பெரிய சலவை என்பது வருஷத்தில் சில தடவைதான் நடக்கும். தொட்டியில் துணியை அடுக்கி, சாம்பலைக் கட்டி வைத்து, கொதிநீரை ஊற்றி ஊற்றி வடித்து, பிறகு ஆற்றுக்குக் கொண்டுபோய் அடித்து அலசுவார்கள். நாள்கணக்கில் நடக்கும் அந்த வேலை முழுக்கப் பெண்களின் தலையில். மேசை மேல் இருந்த வெள்ளைக்கு ஆற்றங்கரையில் கை வெடித்துப்போன பெண்கள் விலை கொடுத்தார்கள்.

இங்கிலாந்துக்காரன் வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தான். 18, 19-ஆம் நூற்றாண்டுப் பெரிய வீடுகளில் முக்கியச் சாப்பாடு முடிந்ததும் துணியை உருவி எடுத்துவிடுவார்கள். பழமும் மதுவும் வெறும் மேசையில்தான். மகோகனி மரத்தின் பளபளப்பை விருந்தாளி பார்க்க வேண்டுமே! ஆகவே துணி போட்டால்தான் நாகரிகம், போடாவிட்டால் பட்டிக்காடு என்று ஐரோப்பாவிலேயே ஒரே சட்டம் இருந்ததில்லை.

இனி நம் பக்கக் கோப்பு. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வந்த கோவலனுக்குக் கண்ணகி சோறிடும் இடத்தைப் பாருங்கள். பனையோலையில் பின்னிய தவிசில் அவனை உட்காரவைத்து, கால் கழுவிவிட்டு, தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். சாப்பிடும் இடத்தை ஒவ்வொரு வேளையும் புதிதாகச் செய்வதுதான் நம் முறை. சாப்பிட்டதும் இலையை எடுத்துவிட வேண்டும். தரையைச் சாணம் போட்டு மெழுகிவிட வேண்டும். எச்சில் பட்ட எதுவும் அடுத்த வேளைக்குத் தங்கக் கூடாது. அப்படிப் பார்த்தால், காலையில் இட்லிக்கு விரித்த துணி ராத்திரி தோசைக்கும் அங்கேயே கிடப்பதைப் பார்த்து நம் பாட்டிமார் முகம் சுளித்தது பழமைவாதம் இல்லை. அவர்களுடைய சுத்தக் கணக்கு வேறு. துணி கறைப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. நேற்றைய எச்சில் இன்றைக்கும் இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட ஊர் நம் புதுச்சேரி. இது துணியால் வாழ்ந்த ஊர். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே கால் ஊன்றியதிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனி தேடி வந்தது துணியைத்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் துணி வியாபாரப் பேச்சு அடிக்கடி வரும். 19-ஆம் நூற்றாண்டில் அவுரியில் முக்கிய நீலத் துணி இங்கிருந்து கப்பல் ஏறி ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போயிற்று. அங்கே அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் போன்ற பிசினை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பின்னால் சவானா, ரோடியர், கெப்ளே என்று ஆலைகள் வந்தன. இத்தனை துணி நெய்த ஊரில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மேசை மேல் துணி விரித்தார்கள். மேற்கே துணி நெய்தவர்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள்.

வாய்க்காலைத் தாண்டி மேசை எப்படி வந்தது? இங்கே ஒரு பழைய வழக்கை நினைவுபடுத்த வேண்டும். 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி ஆட்சேபித்தார். பிள்ளை விடவில்லை. வழக்கைப் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21 அரசாணையின்படி, தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் பலர். அவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனார். அப்படிப்பட்டவர்களுக்குச் சப்பாத்தும், நாற்காலியும், மேசையும், அதன் மேல் துணியும் வெறும் ஆடம்பரம் இல்லை. ‘உன்னோடு ஒரே துணியில் உட்கார எனக்கும் உரிமை உண்டு’ என்று சொல்வதற்கு அது ஒரு வழி. துணியைக் கிழித்த அந்தப் பழைய பிரெஞ்சு வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

பிறகு வந்தவர்கள் சொல்தாக்களும், சைகோன் உத்தியோகஸ்தர்களும். இந்தோசீனாவில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு சொல்தா இருந்தார். வெளிக்கூடத்தில் மேசை, அதில் தினப்படிக்கு ‘துவால் சிரே’ என்ற மெழுகுத் துணி. ஜூலை 14 அன்றைக்கு மட்டும் வெள்ளை நாப் வெளியே வரும். அன்றைக்கு ராத்திரியே அதை அவர் மனைவி ஊறவைத்துவிடுவார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களுக்கு வாசகப் புத்தகத்தில் படம் இருந்தது. அம்மா நாப் விரிப்பாள், மகள் சேர்வியேத் மடிப்பாள். ‘மெத்ர் லா தாப்ல்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மணைப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எங்களுக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பாஷைக்கு மேசை, வீட்டுப் பாஷைக்குத் தரை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். க்ளூனி கன்னியர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்த ஊருக்கு வந்தவர்கள். ரொமேன் ரோலான் வீதியில் அவர்களுடைய பூவேலைக் கூடம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. அந்தத் தொழில் ஊரில் பல கைகளுக்குப் பரவியது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மேசைத் துணிகளுக்குப் பூவேலை செய்வார். வெள்ளை மேல் வெள்ளை நூல். நூலும் துணியும் அழுக்காகக் கூடாது என்று தைப்பதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒரு பெரிய துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். அவர் வீட்டில் மேசை கிடையாது. “யார் வீட்டு மேசைக்கோ போகுது தம்பி, குழம்பு ஊத்தாம சாப்பிட்டா சரி” என்று சிரிப்பார். இன்றைக்குக் கரூரில் தறிகளிலிருந்து மேசைத் துணியும் கைத்துணியும் உலகம் முழுக்கப் போகின்றன. அதை நெய்கிற வீடுகளில் எத்தனையில் அது விரித்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு அந்த அக்காவின் சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

கோப்பு இதுவரை. இனிக் குறிப்பு.

மேசைத் துணி ரொட்டி தின்கிறவனுக்கு ஏற்பட்டது. பிரெஞ்சு வீட்டில் ரொட்டியைத் தட்டில் வைப்பதில்லை, நேராகத் துணி மேல்தான் வைப்பார்கள். விழுவது பெரும்பாலும் காய்ந்த தூள். அதைக் கூட்டி எடுக்கச் சின்னத் தூரிகையும் முறமும் வைத்திருப்பார்கள். நம் சாப்பாடு அப்படி இல்லை. சாம்பார், ரசம், மோர் என்று எல்லாம் ஓடுகிற சமாசாரம். போதாததற்கு மஞ்சள். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் காரம் ஏறிச் சிவந்துபோகும். புதிதாகத் துவைக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளுக்கும். ஹார்லத்துக்காரனுக்கு மாதக்கணக்கில் ஆன வேலையை நம் மொட்டைமாடி வெயில் சில நாளில் செய்துவிடும். ஆனால் மாடிக்கு ஏறி அதைப் போட ஒரு ஆள் வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பிளாஸ்டிக் விரிப்பு வாங்குகிறோம். துடைத்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். மேலே துடைக்கிறோம், சரி. அடியில் இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? மரத்தின் பாலிஷ் வெளுத்துப்போகும், எறும்பு குடிவரும். சூடான பாத்திரத்தை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். துணி மாதிரி துவைக்கவும் முடியாது, இலை மாதிரி எறியவும் முடியாது. இரண்டு முறையின் குறையும் அதில் சேர்ந்துவிட்டது. மேல்பக்கம் மைக்கா ஒட்டிய மேசையோ கண்ணாடி போட்ட மேசையோ இருந்தால், அதற்கு மேல் பிளாஸ்டிக் எதற்கு? ஈரத்துணியால் ஒரு துடை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. பாட்டி தரையை மெழுகியதற்கு அதுதான் சமம்.

நம் ஆட்கள் இதற்கு ஒரு நல்ல வழியை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்துப் பந்தியைப் பாருங்கள். மடக்குக் காலில் நீளப் பலகை. வேளை வந்ததும் போடுகிறார்கள், முடிந்ததும் மடக்குகிறார்கள். மேலே வெள்ளைக் காகிதச் சுருளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உருட்டிக்கொண்டு போகிறார் ஒருவர். அதன் மேல் வாழை இலை. பந்தி எழுந்ததும் இலையோடு காகிதத்தையும் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். பாரீஸில் 1896-லிருந்து நடக்கும் ‘ஷார்த்தியே’ என்ற உணவகத்திலும் மேசை மேல் காகிதம்தான். பரிமாறுகிறவர் கணக்கையும் அதிலேயே எழுதிக் கூட்டிக் காட்டுவார். மத்தியகாலத்துப் பலகை மேசையும் கண்ணகியின் குருத்திலையும் நம் மண்டபத்தில் சேர்ந்துவிட்டன. அதில் யாருடைய முன்னாலும் யாரும் துணியைக் கிழிப்பதில்லை.

வீட்டில் தினமும் காகிதம் உருட்ட முடியாது. ஆகவே என் சிபாரிசு இப்படி. தினப்படிக்கு மேசை வெறுமையாக இருக்கட்டும். வேண்டுமானால் தட்டுக்கு அடியில் மட்டும் ஆளுக்கொரு சிறு கோரைத் தடுக்கு. சாப்பிட்டதும் உதறி வைத்துவிடலாம். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், பிள்ளைகள் ஊரிலிருந்து வருகிற நாள் என்றால் நல்ல பருத்தித் துணியாக விரியுங்கள். அழகுக்கும் வீட்டில் இடம் வேண்டும். மருமகள் ஆசைப்பட்டு வாங்கியதைப் பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது. கறை பட்டால் சாப்பிடுகிறவர் முகம் வாடும்படி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கறை படுவதற்காகவே பிறந்த துணி அது, பூர்வோத்தரம் பார்த்தோம்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைய சாப்பாடு முடிந்ததும் துணி மேசையை விட்டு இறங்கிவிட வேண்டும். துவைக்கிற முறையும் போடுகிற ஆசையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். விரிக்கச் சொல்கிறவர் ஆண்பிள்ளையாக இருந்தாலும் சரி, ஊறவைத்து, அலசி, மாடிக்குக் கொண்டுபோய் உலர்த்துவது அவர் பொறுப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் பேரனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.